சுண்ணாம்புக் கோட்டில் ஒரு வீடு

1.

இந்தக் கதை எனக்கு ஒரு மேசை தேவைப்பட்டதால் வந்தது. பெருமையான காரணம் வேறொன்றும் இல்லை.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு பள்ளிக்கூட விடுமுறையில், கல்முனையில் எங்கள் வீட்டுப் பின்னறையின் ஒரு மூலையை எழுதுவதற்கென்று ஒதுக்க நினைத்து ஸுல்பிகாவைக் கூப்பிட்டேன். அவள் கொழும்பில் வீட்டுப்படம் வரையப் படித்தவள். அங்கே ஒரு கந்தோரில் கொஞ்சக் காலம் வேலை பார்த்துவிட்டுக் கலியாணத்தோடு ஊருக்குத் திரும்பியவள். இரும்புக் கடையொன்றின் மேல்மாடியில் 'உள்ளக வடிவமைப்பாளர்' என்று பலகை மாட்டியிருந்தாள். ஊர் அந்தப் பலகையை மதிக்கவில்லை. 'வீடு சோடிக்கிற மிஸ்' என்றே சொன்னது.

வந்தவள் மூலையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"டீச்சர், நீங்க எப்பிடி எழுதுவீங்க?"

"பேனையால."

"அதில்ல. எழுதக்குள்ள ஆராச்சும் கூப்பிட்டா எழும்பிப் போவீங்களா, இருந்த இடத்தில இருந்து குரல் குடுப்பீங்களா? தேத்தண்ணிக் கோப்பைய எந்தப் பக்கம் வைப்பீங்க? யோசிக்கிற நேரம் எங்க பார்ப்பீங்க?"

"எனக்கு ஒரு மேசைதானே புள்ள வேணும்."

"எல்லாரும் சாமான்ட பேரைத்தான் சொல்லுவாங்க டீச்சர். அதை வெச்சி என்ன செய்யப் போறாங்க எண்டு ஒருத்தரும் சொல்லமாட்டாங்க. நிந்தவூர் ஹாஜியார்ட வீட்டுக்கதையைச் சொன்னா உங்களுக்கு விளங்கும்."

சொன்னாள். தேத்தண்ணி ஆறியது. மேசை மறந்துபோனது. எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க, பேரை மாத்துங்க" என்றாள். மாற்றிவிட்டேன்.

(எங்கள் பக்கத்தில் வீட்டையும் சோடிப்பார்கள், கதையையும் சோடிப்பார்கள். வீடு சோடித்தால் அழகு, கதை சோடித்தால் பொய். ஸுல்பிகாவின் தொழிலுக்கும் என் தொழிலுக்கும் இடையே மொழி வைத்த வேறுபாடு அவ்வளவுதான். அது எனக்குச் சாதகமாக இல்லை.)

2.

தொடக்கம் ஒன்று:

நிந்தவூரில் காற்று எப்போதும் கடலின் பக்கமிருந்து வரும். அது வரும்போது உப்பும் வலையின் வாசமும்

(நிறுத்திவிட்டேன். கரையோரத்தில் எந்த ஊரைப் பற்றியும் இப்படி எழுதலாம். நிந்தவூருக்குப் பாதி நிலம் வயல். ஹாஜியாரின் வளவும் வயற்பக்கத்தில்தான் இருக்கிறது.)

தொடக்கம் இரண்டு:

மீராசாஹிபு ஹாஜியாருக்கு அரிசி மில்லும் ஒரே மகளும் இருந்தார்கள்.

(இலக்கணம் தெரிந்தவர்கள் முறைப்பார்கள். இருந்தாலும் இதை வைத்துக்கொள்கிறேன். வேண்டியது எல்லாம் ஒரே வரியில் வந்துவிட்டது.)

மகளின் பெயர் முனவ்வறா. அக்கரைப்பற்றில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். எங்கள் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. பெற்றவர்கள் கட்டிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார், பெற்றவர்கள் ஒதுங்கி வேறொரு சின்ன வீட்டுக்குப் போவார்கள்.* ஹாஜியாரும் அப்படியே ஏற்பாடு செய்திருந்தார். வளவின் முன்பக்கத்தில் மகளுக்குப் பெரிய வீடு. பின்பக்கம், வயல்வரம்பை ஒட்டிய கடைசி மூலையில், தனக்கும் மனைவி சுபைறாவுக்கும் சின்ன வீடு. விருந்து, பெருநாள் என்றால் எல்லாருக்கும் பெரிய வீட்டில்தான் சமையல். பெரிய வீட்டின் அத்திவாரம் முடிந்து உட்சுவர்கள் எழும்பத் தொடங்கிய நேரத்தில்தான் ஸுல்பிகாவைக் கூப்பிட்டார்கள்.

* தூர இடத்து வாசகர்கள் இதைத் தியாகம் என்று நினைத்துக் கண் கலங்க வேண்டாம். மழை பெய்தால் குடை பிடிப்பதுபோல் எல்லாரும் செய்கிற காரியம் இது. யாரும் இதைப் பற்றிக் கதைப்பதில்லை. இந்தக் கதையின் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது.

3.

முதல்நாள் ஹாஜியார் ஸுல்பிகாவை, அப்போது குடியிருந்த பழைய வீட்டின் ஹோலில் உட்காரவைத்தார். கட்டுகிற வீட்டைப் பற்றிச் சொன்னார். தனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று என்றார். வீட்டுக்குள்ளே சுவரே இருக்கக்கூடாது.

"வாசல்ல இருந்து பார்த்தா முழு வீடும் தெரியோணும் மகள். ஹோல், சாப்பாட்டு மேசை, குசினி, எல்லாம் ஒரே பார்வையில. மக்காவுக்குப் போன நேரம் ஒரு வீட்டில பார்த்தன். மாஷா அல்லாஹ், பெரிய மைதானம் மாதிரி."

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வெடித்தது.

"அப்ப நான் சோறு வடிக்கிறதையும் ஊரே பார்க்கட்டும்! அந்தப் புள்ளக்கிட்ட சொல்லுங்க, குசினிக்குச் சுவர் வேணும்! கூரை மட்டும் முட்டின சுவர்!"

ஹாஜியார் சிரித்தபடி தலையாட்டினார். "ஓம், ஓம்."

இந்தத் தொழில் செய்யும் ஆண்களுக்கு இல்லாத ஒரு வசதி ஸுல்பிகாவுக்கு இருந்தது. அவள் திரையைத் தாண்டிப் போகலாம். போனாள். சுபைறா அகப்பையும் கையுமாக நின்றாள். கிட்டத்தில் வந்ததும் அவளது குரல் இறங்கிவிட்டது.

"தடிச்ச சுவரா வை புள்ள. இந்தப் பக்கத்துச் சத்தம் அந்தப் பக்கம் போகப்படாது."

முனவ்வறா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "உங்களுக்கு என்ன வேணும்?" என்று ஸுல்பிகா கேட்டதற்கு, "எல்லாம் நல்லாத்தான் இரிக்கி ராத்தா" என்றாள். சுவர் இல்லாத படத்தைக் காட்டினாலும் நல்லாத்தான் இருந்தது. சுவர் உள்ள படத்தைக் காட்டினாலும் நல்லாத்தான் இருந்தது. படத்தைத் தலைகீழாகப் பிடித்தபோதும் நல்லாத்தான் இருந்தது.

மேசன் அழகரெத்தினம் காரைதீவிலிருந்து சைக்கிளில் வருகிறவர். சுபைறா சொன்னதைக் கேட்டுக் குசினிச் சுவரை இடுப்பளவு எழுப்புவார். ஹாஜியார் வந்து பார்த்துவிட்டு, "இதென்ன இஞ்ச சுவர்?" என்று கேட்பார். அழகரெத்தினம் இடிப்பார். பிறகும் எழுப்புவார். "மிஸ், இந்தச் சுவர் வாழுறதா சாகிறதா எண்டு ஒரு முடிவு சொல்லுங்க. கல்லுக்கே அலுத்துப் போச்சு" என்றார் ஒருநாள்.

ஸுல்பிகா ஹாஜியாரிடம் போனாள். மில் ஓடிக்கொண்டிருந்தது. "மாமி சுவர் வேணும் எண்டுறாங்க, வைப்பமா?" என்றாள். "ஓம், ஓம், செய்வம்" என்றார் அவர். அழகரெத்தினம் சுவரை எழுப்பினார். பிறகு ஹாஜியார் வந்து, "ஆரு சொன்ன?" என்றார்.

(படத்தைப் பார்த்து விளங்கிக்கொண்ட ஒரே ஆளையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நிந்தவூருக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடியில் ஒரு படைவீரன் ஸுல்பிகாவின் சுருட்டிய படங்களைப் பிரித்துப் பார்த்தான். கட்டடப் படம் கொண்டு திரிவது யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் நல்ல சகுனம் இல்லை. அவள் பயந்துபோய் நின்றாள். அவன் விரலால் ஒவ்வொரு அறையாகப் போய், "குஸ்ஸிய?" என்று கேட்டான். "குசினி" என்று காட்டினாள். "பொடி" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு அனுப்பினான். சிங்களத்தில் சின்னது என்று அர்த்தம். அவள் அன்றே குசினியைக் கொஞ்சம் பெருப்பித்தாள். இந்தப் பகுதிக்கும் கதைக்கும் தொடர்பில்லை. விட மனம் வரவில்லை.)

4.

இப்போது எனக்கு இரண்டு பாத்திரங்களில் சந்தேகம்.

முதலாவது சுபைறா. என் முதற்பிரதியில் அவள் இப்படி இருந்தாள்:

சுபைறா கோபக்காரி. அவளது நாக்கு மில் வாரை விட வேகமாக ஓடும். புருசனைக் கண்டாலே

ஸுல்பிகாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் தலையில் கையை வைத்தாள். "டீச்சர், நானும் முதல்ல இப்பிடித்தான் நினைச்சன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்களும் இப்பிடித்தான் நினைச்சாங்க." அக்கரைப்பற்றிலிருந்து பெண் பார்க்க வந்தவர்களில் ஒருத்தி, "புள்ள தங்கம், உம்மாதான் பெரிய வாய்க்காரி போல" என்று போகும் வழியில் சொன்னது சுபைறாவின் காதுக்கு வந்திருந்தது. சம்பந்தத்தை மறுபடி யோசிக்கிறார்கள் என்றும் ஒரு கதை வந்தது. ஆகவே, வாசகரே, நீங்கள் சுபைறாவைக் கோபக்காரி என்று ஏற்கெனவே நினைத்திருந்தால் தவறு உங்களுடையதல்ல. திரைக்குப் பின்னால் அவளைக் கத்தவைத்து அறிமுகப்படுத்தியது நான்.

இரண்டாவது முனவ்வறா. எல்லாவற்றுக்கும் நல்லாத்தான் இருக்கிறது என்கிற பெண்ணை வைத்துக்கொண்டு கதைகாரி என்ன செய்வாள்? நான் அவளுக்கு ஒரு ரகசியக் காதலைக் கொடுத்துப் பார்த்தேன்:

முனவ்வறா யன்னலருகே நின்று, தூரத்தில் கேட்கும் மோட்டார் சைக்கிள்

(வேண்டாம். அவளுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. அதுதான் உண்மை.)

நடந்தது வேறு. ஒருநாள் பாதி கட்டிய வீட்டில் இருவரும் தனியே நின்றபோது, ஸுல்பிகா கேள்வியை மாற்றினாள். என்ன வேண்டும் என்று கேட்கவில்லை.

"கலியாணமெல்லாம் முடிஞ்சி கொஞ்ச நாள் போயிட்டு. நீ காலையில சுபஹு தொழுதுட்டு இந்த வீட்டில எழும்பி வாறாய். முதல் என்ன செய்வாய்? நடந்து காட்டு."

முனவ்வறா வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே நடந்தாள். குசினி இருக்க வேண்டிய இடத்துக்கு வந்தாள். கேத்தலை வைப்பதுபோல் கையை நீட்டினாள். "அடுப்பு மூட்டுவன். மறுகா வாப்பாக்குத் தேத்தண்ணி..."

அங்கேயே நின்றுவிட்டாள். அந்த வீட்டில் வாப்பா இல்லை. கட்டுகிற வீட்டுக்குள் வாப்பா இல்லாததை அவள் அப்போதுதான் கண்டாள். சுவர் இல்லாத படத்திலும் இல்லை, சுவர் உள்ள படத்திலும் இல்லை.

"வாப்பாக்கிட்டச் சொல்லிராதீங்க ராத்தா" என்றாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "ஊருல எல்லாப் புள்ளைகளும் இப்பிடித்தானே வீடு எடுக்கிற. நான் மட்டும் என்ன புதுசா?"

ஸுல்பிகா பஸ்ஸில் திரும்பும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தாளாம். வீட்டைக் கட்டச் சொல்கிறவர் ஒருவர், இத்தனை காலம் சமைத்து வந்தவள் ஒருத்தி, அதில் வாழப்போகிறவள் இன்னொருத்தி. மூவரும் ஒருவரோடொருவர் கதைக்க வேண்டியதை அவளோடு கதைக்கிறார்கள். நடுவில் நின்று அவள் படம் படமாகக் கீறுகிறாள். கடதாசியில் கீறினால் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கப் போவதில்லை.

5.

வெள்ளிக்கிழமை மில் ஓடாது. நெல் காயப்போடும் சீமெந்துத் தளம் வெறுமையாகக் கிடக்கும். அன்று காலை ஸுல்பிகா அழகரெத்தினத்தைக் கூட்டிவந்து, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்குக் கோடு போடுவதுபோல் சுண்ணாம்புத் தூளால் முழு வீட்டையும் தளத்தில் போட்டாள். வீடு எவ்வளவோ அவ்வளவு. கதவுகளுக்கு இடைவெளி விட்டாள். குசினிச் சுவருக்கு மட்டும் புள்ளிக்கோடு. தளம் முடிகிற தூரத்தில், வளவில் இருக்கப்போகும் அதே இடைவெளி விட்டு, சின்ன வீட்டுக்கு ஒரு பெட்டி.

பிறகு குடும்பத்தைக் கூப்பிட்டு, "இண்டைக்குக் காலமை இதுக்குள்ள இருங்க" என்றாள்.

(இந்த இடத்தை மெதுவாக எழுத ஆசை. இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.)

ஹாஜியார் சந்தோசமாக ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு சுவரைத் தாண்டி ஹோலுக்குள் வந்தார். "வாப்பா, சுவரால வாறீங்க!" என்று முனவ்வறா சிரித்தாள். அவர் திரும்பவில்லை. கதிரையைப் போட்டு, விருந்தினர் வந்தால் எப்படிச் சாய்ந்திருப்பாரோ அப்படிச் சாய்ந்தார். சுபைறா வெறுங்கையோடு குசினிக்குள் போய்ச் சோறு வடித்தாள். மதிலுக்கு மேலால் அயல்வீட்டுத் தலைகள் முளைத்தன. "சுபைறா ராத்தா, இண்டைக்கு என்ன கறி?" என்று ஒரு தலை கேட்டது. "காத்துப் பொரியல்!" என்றாள் சுபைறா. எல்லாரும் சிரித்தார்கள். அழகரெத்தினம் சுவரில் சாய்வதுபோல் நடித்து விழப்பார்த்தார்.

முசுப்பாத்தியும் சிரிப்பும் முடிகிறமாதிரி இருந்தபோது ஸுல்பிகா சொன்னாள்:

"சரி, கலியாணம் முடிஞ்சிட்டு. ஹாஜியாரும் மாமியும் சின்ன வீட்டுக்குப் போங்க. முனவ்வறா, நீ குசினியில நில்லு."

இருவரும் தளத்தின் மறுகோடிக்கு நடந்தார்கள். ஹாஜியார் தன் பெட்டிக்குள் நின்று வயலைப் பார்த்தார். கதிர் தலை சாய்த்திருந்தது. கொக்குகள் இறங்கியிருந்தன. முனவ்வறா குசினியில் தனியே நின்றாள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே கூப்பிட்டாள்.

"உம்மா!"

"என்ன புள்ள?" சுபைறா திரும்பினாள்.

"வாப்பா!"

அவர் கொக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாப்பா! தேத்தண்ணி!"

மில் இரையவில்லை. காற்றும் இல்லை. மதிலுக்கு மேலிருந்த தலைகள்கூட அந்தச் சத்தத்துக்குத் திரும்பின. "வாப்பா!" என்று மூன்றாம் முறை அவள் அடித்தொண்டையால் கத்தினாள். அவர் அசையவில்லை. அவர் முகத்தில் ஒரு நிம்மதியான சிரிப்பு இருந்தது. சுபைறா போய் அவர் தோளைத் தொட்டாள். அவர் திடுக்கிட்டுத் திரும்பி, எல்லாரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டு, அவசரமாகத் தலையாட்டினார்.

"ஓம், ஓம். நல்ல இடம்."

ஸுல்பிகா என்னிடம் சொன்னாள்: "டீச்சர், அந்த நேரம் எனக்கி ஒரேயடியா எல்லாம் விளங்கிச்சி." அவர் ஓம் என்றது எதற்குமே சம்மதம் இல்லை. காதில் விழாததை மறைக்கிற ஒரு சொல் அது. வருடக்கணக்காக மில்லுக்குள் நின்ற காதுகள். கேட்காத மனுசனுக்குச் சுவர் என்றால் உலகம் அங்கே முடிந்துவிடும். அவருக்கு ஆட்களின் முகம் தெரிய வேண்டும். அதனால்தான் சுவர் வேண்டாம் என்றார். சுபைறா கத்திக் கத்தித்தான் அவரோடு குடித்தனம் நடத்தினாள். அந்தக் கத்தல் மருமகன் வீட்டாருக்குக் கேட்கக்கூடாது என்பதற்காகத்தான் அவள் சுவர் கேட்டாள். ஒருவர் கேட்ட வெளியும் மற்றவர் கேட்ட சுவரும் ஒரே காதுக்காக.

"உம்மா, உங்களுக்குத் தெரியுமா?" முனவ்வறா ஓடிவந்து கேட்டாள்.

"தெரியாம?" சுபைறாவின் குரல் மெலிந்துபோனது. "ஆருக்கிட்டயும் சொல்லப்படாதெண்டு சத்தியம் வாங்கின மனுசன். மில்லுக்காரனுக்குக் காது கேளாதெண்டா வியாபாரத்தில ஏமாத்துவானுகளாம். புள்ளைக்கி மாப்பிள்ளை பேசுற நேரம் குறை சொல்லுவானுகளாம். என்னை வாய்க்காரி எண்டாங்க. சரி, எண்டுட்டுப் போகட்டும் எண்டு இருந்தன்."

முனவ்வறா உம்மாவின் கையைப் பிடித்தாள். பிறகு விளக்குமாற்றை எடுத்து, சின்ன வீட்டின் கோடுகளைக் கூட்டித் தள்ளினாள். அழகரெத்தினத்திடம் சுண்ணாம்பு வாளியை வாங்கினாள். எல்லாவற்றுக்கும் நல்லாத்தான் இருக்கிறது என்ற பெண், பெரிய வீட்டுக் குசினிக்குப் பக்கத்திலேயே, இடையில் ஒரு கிணற்றடி அளவு விட்டு, சின்ன வீட்டைத் தன் கையாலேயே கீறினாள். கோடு வளைந்து வளைந்து போனது. அழகரெத்தினம் கயிறு கொடுக்கப் போனார். ஸுல்பிகா கண்ணால் தடுத்துவிட்டாள்.

"என்ன செய்யிறாய் மகள்?" என்றார் ஹாஜியார்.

அவள் அவருக்கு நேரே வந்து நின்று, முகம் பார்த்து, ஆறுதலாகச் சொன்னாள். "உங்கட வீட்டைக் கிட்டக் கொண்டு வாறன்."

"இவ்வளவு கிட்டவா? மருமகனுக்கு இடைஞ்சல் மகள்."

"நீங்க தூரத்தில இருந்தா எனக்கி இடைஞ்சல்."

இந்தமுறை அவர் ஓம் ஓம் என்று சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றி, துடைக்கத் தேவையில்லாத தலையைத் துடைத்தார்.

"எனக்கெண்டு தனிக் குசினி இரிக்கோணும்" என்று சுபைறா இடையில் புகுந்தாள். "கிட்ட இருந்தாலும் சரி, என்ட குசினியில ஒருத்தரும் கை வைக்கப்படாது. இத்தனை வருசத்தில முதல்முதலா எனக்கெண்டு ஒரு சின்ன வீடு கிடைக்கப் போகுது. அதைக் கெடுத்துப் போடாதீங்க!"

மகள் பிரிவை நினைத்து அழுதுகொண்டிருந்த வேளையெல்லாம் உம்மா அந்தச் சின்ன வீட்டுக்கு ஆசைப்பட்டுக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. முனவ்வறாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

6.

பெரிய வீட்டின் குசினிக்குச் சுவர் வந்தது. அந்தச் சுவரில் அகலமாக ஒரு யன்னல், ஹோலில் ஹாஜியார் வந்தால் உட்காரும் கதிரைக்கு நேரே. அவர் நிமிர்ந்தால் குசினி தெரியும், கை காட்டினால் போதும். வெளியார் வந்தால் யன்னலைச் சாத்திக்கொள்ளலாம். சின்ன வீடு முனவ்வறா கீறிய இடத்திலேயே எழும்பியது. கலியாணமும் நடந்தது. அக்கரைப்பற்றுக்காரர்கள் பிரியாணியைக் குறை சொன்னார்கள், வேறு எதையும் சொல்லவில்லை. கலியாணத்துக்கு முன்பே ஹாஜியார் தானாகவே மருமகனைக் கூப்பிட்டு, "மகன், எனக்கிக் காது கொஞ்சம் மந்தம். முன்னால வந்து கதையுங்க" என்றாராம். மருமகன், "எங்கட வாப்பாக்கும் அப்பிடித்தான் மாமா, அவரு டிரக்டர் ஓடினவரு" என்றாராம்.

இவ்வளவும் நடந்தவை. இனி முடிவு.

முடிவு ஒன்று: பெரிய வீட்டில் மகளும் மருமகனும், சின்ன வீட்டில் பெற்றவர்களும், ஊர் வழக்கப்படி.

முடிவு இரண்டு: பெற்றவர்கள் பெரிய வீட்டிலேயே தங்கிவிட, மகளும் மருமகனும் சின்ன வீட்டுக்கு ஓடிப்போனார்கள். (எனக்குப் பிடித்தது இது.)

முடிவு மூன்று: சுபைறா மட்டும் சின்ன வீட்டில், கதவைத் தாழிட்டுக்கொண்டு, வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவரோடும் கதைக்காமல் ஒரு பகல் முழுக்க

(முடிக்கவில்லை. முடித்தால் அதுவே நடந்ததுபோல் ஆகிவிடும்.)

எது சரி என்று ஸுல்பிகாவைக் கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. "வீட்டுத் திறப்பைக் கையில குடுத்தாப் பிறகு கூப்பிடாம நான் ஒரு வீட்டுக்குள்ளயும் போறல்ல டீச்சர். நான் போட்ட யன்னலை அவங்க பலகை அடிச்சி மூடியிருந்தாலும் அது அவங்கட வீடு."

எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. போன கிழமை பஸ் ஏறி நிந்தவூரில் இறங்கி, மில்லை விசாரித்து, அந்த வளவின் முன்னால் போய் நின்றேன். கேற் திறந்து கிடந்தது. இரண்டு வீடும் தெரிந்தன. இரண்டு புகைக்கூட்டிலும் புகை. கொடியில் சாரங்களும் சேலைகளும் காய்ந்தன, எது யாருடையது என்று வெளியே நின்று சொல்ல முடியாது. நான் தயங்குவதைக் கண்டுவிட்டார்கள் போலும். உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

"ஆரு? வெளியில நிக்காம உள்ள வாங்க. தேத்தண்ணி ஊத்துறன்."

அது முனவ்வறாவா, சுபைறாவா என்று எனக்குத் தெரியவில்லை. எந்த வீட்டிலிருந்து வந்தது என்றும் தெரியவில்லை. நான் எழுதிய சுபைறா இவ்வளவு மெதுவாக ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

கல்முனை பஸ் ஹோர்ன் அடித்தது. அதை விட்டால் அடுத்தது எப்போதென்று யாருக்கும் தெரியாது. நான் ஓடிப்போய் ஏறிவிட்டேன். உங்களுக்கு அவசரம் இல்லைதானே? கூப்பிட்டவர்களை வாசலில் காக்கவைக்கக் கூடாது, போங்கள். கேற் திறந்துதான் கிடக்கிறது.